அஞ்சு சாவியையும் எறக்கி வெச்சிட்டேன், எல்லாருக்கும் நன்றி

சபையார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இந்த ஞாயித்துக்கெழமையோட செயலாளர் பொறுப்ப ஒப்படைக்கிறேன், ஆராதனை முடிஞ்சி மைக்ல நாலு வார்த்த பேச சொன்னாங்க, எனக்கு மைக்க புடிச்சா தொண்ட அடைச்சிக்கும், அதான் எழுதுறேன்.

மொதல்ல ஒன்னு ஒத்துக்கறேன். கோயில் சாவி, ஹால் சாவி, ஸ்டோர் சாவி, பீரோ சாவி, ஜெனரேட்டர் ரூம் சாவின்னு அஞ்சும் என் இடுப்புலயே தொங்கிச்சி. நீங்க செயலாளரா வாட்ச்மேனான்னு வீட்டுலயே கேட்டாங்க. நான் செஞ்சாதான் சரியா இருக்கும்னு ஒரு நெனப்பு, அதுக்கு ஊழியம்னு நானே பேரு வெச்சிக்கிட்டேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி கிட்ட கரைய கடந்துச்சி இல்லியா, நம்ம கடலூருக்கு பெரிய அடி அதுக்கப்புறம்தான், சாத்தனூர் டேம்ல தொறந்த தண்ணி தென்பெண்ணையில வந்து கண்டக்காடு, நாணமேடு, தாழங்குடான்னு பூந்துடுச்சி. ஹால்ல அடுப்பு மூட்டினோம். யார் யாருக்கு பொட்டலம்னு லிஸ்ட் எழுதினது நான் ஒருத்தன்தான், கரெண்ட் இல்லாம செல்போன் டார்ச்சுல, சபைக்கு சந்தா கட்டுறவங்க பேரு இருக்கற நோட்டப் பாத்து.

மூணாம் நாள் ஒரு அக்கா இடுப்பளவு தண்ணில நடந்து ஈரப்புடவையோட ஹாலுக்குள்ள வந்து, "எங்க தெருவுல நாலு ஆயா பட்டினி கெடக்குது, சந்தா கட்டலன்னா சோறு கெடையாதா?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுச்சி. எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சி, மூணு நாளா தூங்காதவன். போதகர் ஐயா என் கைய புடிச்சி அமுக்கினாரு. பைபிள்ல அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்துலயும் இதே கதைதான்னாரு, கிரேக்கு பேசுற விதவைங்களுக்கு அன்றாட சாப்பாடு சரியா போவலன்னு முறுமுறுப்பு வந்துச்சி, பந்திவிசாரணைக்கு, அதான் சாப்பாடு பங்கிடுற வேலைக்கு, சபையார் தெரிஞ்செடுத்த ஏழு பேரு, ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோருன்னு பாத்தா எல்லாமே கிரேக்கப் பேரு, கொற சொன்ன பக்கத்துக்கே பொறுப்பு போயிருக்கு பாத்தியான்னாரு. இத்தன வருசம் அந்த அதிகாரத்த படிச்சிருக்கேன், அந்தப் பேருங்கள வேகமா தாண்டிப் போயிருக்கேன், அவ்ளோதான்.

ஸ்டோர் சாவிய அந்த அக்கா கையில குடுத்தேன். மனசார குடுத்தேன்னு சொன்னா பொய். மறுநாள் அக்காவும் மாதர் சங்கத்துல நாலு பேரும் எழுதின லிஸ்ட்ல, நான் பேரே கேக்காத பதினோரு வீடு இருந்துச்சி. அக்கா, அன்னைக்கு சொல்லல, இப்ப சொல்றேன், நன்றி. குட்டியானைய டீசல் காசு கூட வாங்காம ஓட்டின தம்பிக்கும், பொட்டலம் கட்டின சண்டே ஸ்கூல் பசங்களுக்கும், ராத்திரியில அண்டா கழுவின வாலிபருங்களுக்கும் நன்றி.

அப்புறம் அந்த மனு. எங்களக் கேக்காம சாவி குடுத்தது தப்பு, கணக்கு காட்டலன்னு நாலு பேரு கையெழுத்து போட்டு கமிட்டில வாசிச்சாங்க. அவங்கள கமிட்டிய விட்டு எடுக்கணும்னு நான் குதிச்சேன். மூத்த தாத்தா ஒருத்தரு, மோசேக்கு எதிரா பேசி குஷ்டம் புடிச்சி பாளயத்துக்கு வெளிய இருந்த அவரு அக்கா மிரியாமுக்காக மோசேயே ஜெபம் பண்ணாரு, அந்தம்மா திரும்பி வர்ற வரைக்கும் ஏழு நாள் மொத்த ஜனமும் பொறப்படாம காத்திருந்துச்சி, உனக்கு என்னய்யா அவசரம்னாரு. உக்காந்துட்டேன். கணக்கு கேட்டது நியாயம்தான், அன்னையிலேர்ந்து வாராவாரம் நோட்டீஸ் போர்டுல ஒட்டுறோம், அதுக்கு அந்த நாலு பேருக்கும் நன்றி. அதுல ஒரு அண்ணன் இன்னும் என் ஸ்தோத்திரத்துக்கு பதில் சொல்றதில்ல. பரவால்லண்ணே, நான் சொல்லிக்கிட்டேதான் இருப்பேன்.

சாவி அஞ்சும் இப்ப அஞ்சு பேர்கிட்ட இருக்கு. போன அசனத்துக்கு, அதான் சபை விருந்துக்கு, எடுத்த ரெண்டு பெரிய அண்டா மட்டும் ஸ்டோருக்கு வரல, யார் வீட்டுல இருந்தாலும் தயவுசெஞ்சி அக்காகிட்ட கொண்டாந்து குடுத்துடுங்க, என்கிட்ட இல்ல.