அந்தக் கணக்கை இன்னொரு முறை போடு

அன்புள்ள கண்ணா,

பாப்பாவுக்குச் சளி விட்டதா? போன வாரம் பேசும்போது, "அவள் வேலையை விட்டுடலாம்னு இருக்காம்மா" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். மருமகளும் பக்கத்தில்தான் இருந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து எனக்கு அதே யோசனைதான்.

உன் சம்பளம் அதிகம், அதனால் அவள் நின்றுகொள்வதுதான் சரி என்றாய். இந்த மாதத்துக்கு அந்தக் கணக்கு சரிதான். ஆனால் ஒரே படிப்பு படித்து, ஒரே வருஷம் வேலையில் சேர்ந்த இரண்டு பேரில் அவள் சம்பளம் மட்டும் எப்படிப் பின்தங்கியது? 2023இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கிய கிளாடியா கோல்டின், ஒரே தொழிலில் இருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே உள்ள வருமான இடைவெளி பெரும்பாலும் முதல் குழந்தை பிறந்த பிறகுதான் உண்டாகிறது என்று காட்டினார். உங்கள் வீட்டிலும் அதுதானே நடந்தது? பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் லீவு போட்டது யார், வெளியூர் வேலை வந்தபோது வேண்டாம் என்று சொன்னது யார்? அதனால் குறைந்துபோன சம்பளத்தையே காரணம் காட்டி அவளை நிற்கச் சொல்வது நியாயமே இல்லை.

ராத்திரி முழுக்கப் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறவன் நீ, அதை எல்லோரிடமும் பெருமையாகத்தான் சொல்கிறேன். ஆனால் அடுத்த தடுப்பூசி எப்போது என்று அவளிடம்தானே கேட்கிறாய். எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொண்டே இருப்பதும் வேலைதான், கண்ணா, அதற்கு ஓய்வே கிடையாது.

வீட்டில் இருப்பவர்களைக் கவனிக்க வேண்டியிருப்பதால் வேலைக்குப் போக முடியாத பெண்கள் உலகம் முழுக்க 60 கோடிக்கு மேல், ஆண்கள் 4 கோடி சொச்சம் என்று 2018இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு சொன்னது. அத்தனை வீட்டிலும் "அவளேதான் விரும்பினாள்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். உன் அத்தை விஷயத்திலும் அப்படித்தான் சொன்னார்கள், உனக்குத் தெரியாததா.

அவளுக்கு உண்மையிலேயே விருப்பம் என்றால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள். "உனக்கு எது வசதி" என்று கேட்காதே, உனக்குத் தொந்தரவு வேண்டாம் என்று அவள் உன் வசதியைத்தான் சொல்வாள். "பாப்பா வேலையில் பாதியை, லீவு போடுவது உட்பட, நான் எடுத்துக்கொண்டால் அப்போதும் வேலையை விடுவாயா" என்று கேள். கேட்டுவிட்டு, சில மாதம் அப்படி நடந்தும் காட்டு. ராஜினாமாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நான் எழுதியதாக அவளுக்குத் தெரிய வேண்டாம், மாமியார் சொல்லித்தான் கேட்கிறாய் என்று நினைத்துவிடுவாள். அப்பா நன்றாக இருக்கிறார். முதலில் அவளிடம் பேசு, அப்புறம் எனக்கு போன் பண்ணு.

அம்மா