வைட் ரிவரின் அந்தச் சமையலறை யன்னலுக்கு நன்றி

அன்புள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும், சுப்பீரியர் ஏரியின் வடகரையில் எங்களைத் தாங்கிய சிற்றூர்களின் மக்களுக்கும்,

அப்பா நேற்று மாலை ஸ்காபரோவில் எங்கள் வீட்டுப் படிகளில் யாருடைய கையையும் பிடிக்காமல் ஏறினார். வழியில் எங்கள் வண்டி பழுதாகி நின்றபோது நடந்ததைத் தொலைபேசிச் செய்திகளின் வழியே நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அதனை மீண்டும் விவரிக்க எனக்கு இன்னும் மனத்துணிவு வரவில்லை. ஆனால் நன்றியைப் பிந்தவிடக்கூடாது என்பதால், பயணப் பைகளை அவிழ்க்கும் முன்னரே இம்மடலை எழுதுகிறேன்.

வின்னிபெக்கில் அக்காவின் மகளுக்குத் திருமணம் முடிந்த பின், மோட்டார்ஹோமில் ஊர் ஊராகத் தங்கி வீடு திரும்ப வேண்டும் என்பது அப்பாவின் விருப்பம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கனடாவில் வாழ்ந்தும் வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் இடையிலான சாலையை மட்டுமே அறிந்திருந்தவர் அவர். தண்டர் பேயில், புற்றுநோயால் ஒரு காலை இழந்த நிலையிலும், அந்நோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட 1980ஆம் ஆண்டு 143 நாட்கள் ஓடி 5,373 கிலோமீற்றர் கடந்த ரெரி ஃபாக்ஸின் சிலைமுன் அவர் நெடுநேரம் அசையாமல் நின்றார். நிப்பிகன் ஆற்றுப் பாலத்தையும் ரெறஸ் பேக்கு அருகிலுள்ள அகுவாசபொன் அருவியையும் சிறுபிள்ளையைப் போலப் பார்த்து மகிழ்ந்தார். அந்த நாட்களை நினைக்கும்போது, பயணமே தவறு என்று இப்போது சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

வைட் ரிவர் என்ற சிற்றூரில் வண்டி பழுதாகி நின்றபோது இருட்டிவிட்டது. விடுதிகளில் இடமில்லை; அப்பாவின் ஒக்சிசன் இயந்திரத்துக்கு மின்சாரம் வேண்டும். வண்டியின் மின்கலம் எவ்வளவு நேரம் தாங்கும் என்று நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், தெருவின் எதிர்ப்பக்கத்து வீட்டிலிருந்து ஒரு முதியவர் செம்மஞ்சள் நிற மின்வடமொன்றைத் தோளில் சுமந்து வந்தார். ரயில்வேயில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர் என்று பிறகு அறிந்தோம். தம் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இங்கே குறிப்பிடவில்லை. எங்களிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி, இயந்திரத்துக்கு எத்தனை வாற் மின்சாரம் தேவை என்பதுதான். வீட்டின் வெளிப்புறச் செருகி பழுதடைந்திருந்ததால், சமையலறை யன்னலைச் சற்றுத் திறந்து வடத்தை வெளியே விட்டு, குளிர் புகாதபடி இடைவெளியில் துவாயைச் சுருட்டி அடைத்தார். மூன்று இரவுகள் அந்த யன்னல் அப்படியே இருந்தது. வாசல் விளக்கும் விடியும்வரை எரிந்தது.

இரண்டாம் நாள் அதிகாலையில் அம்மா என்னை எழுப்பி வெளியே காட்டினார். முற்றத்துப் புற்களில் பனி உறைந்திருந்தது. முதியவர் முகாம் அடுப்பில் கோப்பிக்குத் தண்ணீர் கொதிக்கவைத்துக்கொண்டிருக்க, அவருடைய மனைவி குளிரங்கியுடன் குனிந்து நின்று அதே நெருப்பில் பாணை வாட்டிக்கொண்டிருந்தார். சமையலறையின் அந்த இணைப்பில் கேத்தலையும் சேர்த்துப் போட்டால் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, அப்பாவின் இயந்திரம் நின்றுவிடும் என்பதற்காக, அவர்கள் தங்கள் சமையலையே வெளியே கொண்டுவந்திருந்தார்கள். இதனை எங்களிடம் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அம்மா பார்த்திராவிட்டால் இன்றும் எங்களுக்குத் தெரிந்திராது.

அப்பாவிடம் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவில் நல்ல தண்ணீர்க் கிணறு இருந்ததால், கோடையில் அயலவர்கள் எந்நேரமும் வந்து அள்ளுவதற்காக அப்பம்மா படலையைக் கட்டாமலே விட்டிருந்ததை நினைவுகூர்ந்தார். அவர்கள் அள்ளி முடித்த பின்னரே அப்பம்மா தம் பானையை நிரப்புவாராம். முப்பது ஆண்டுகளில் அப்பா அந்தக் கிணற்றைப் பற்றி என்னிடம் பேசியது அதுவே முதல் முறை.

புறப்படும் முன் அப்பா அந்த ஊரின் கரடிச் சிலையைப் பார்க்க ஆசைப்பட்டார். 1914ஆம் ஆண்டு, போருக்குச் சென்றுகொண்டிருந்த கால்நடை மருத்துவரான ஹரி கோல்பேர்ன், இவ்வூர் ரயில் நிலையத்தில் தாயற்ற கரடிக்குட்டியொன்றை 20 டொலருக்கு வாங்கி, தம் ஊரான வின்னிபெக்கின் நினைவாக வின்னி என்று பெயரிட்டார். பின்னர் லண்டன் விலங்குக்காட்சிச் சாலைக்குச் சென்ற அந்தக் கரடியே, உலகக் குழந்தைகள் அறிந்த ‘வின்னி த பூ’ என்ற கதைக்கரடிக்குத் தன் பெயரைத் தந்தது. நாங்களும் வின்னிபெக்கிலிருந்து வந்தவர்கள் என்று முதியவரிடம் சொல்லி அப்பா சிரித்தார். அந்த நாட்களில் அவர் சிரித்தது அப்போதுதான்.

இருளில் சமிக்ஞை விளக்குகளை வைத்து எங்களைப் பாதுகாத்த பாரவூர்திச் சாரதிகளுக்கும், சூ செயின்ற் மரியிலிருந்து 300 கிலோமீற்றருக்கும் மேல் உதிரிப்பாகத்துடன் வந்த திருத்துநருக்கும், வாவா மருத்துவமனைத் தாதியருக்கும், தண்டர் பேயிலிருந்து சோறும் கறியும் கொண்டு ஓடிவந்த முகமறியாத் தமிழ்க் குடும்பத்துக்கும், இரவெல்லாம் தொலைபேசியில் விழித்திருந்த மாமாவுக்கும் சித்திக்கும் எங்கள் குடும்பத்தின் நெஞ்சார்ந்த நன்றி.

எங்கள் வீட்டு முன்சுவரில் வெளிப்புற மின்செருகியொன்றைப் பொருத்துவதற்கு இந்த வாரம் ஆளை அழைத்திருக்கிறோம். வழியில் மீண்டும் ஏதேனும் நேர்ந்தால் உதவும் என்று முதியவர் வற்புறுத்தித் தந்த அந்த மின்வடம், சுருட்டியபடியே அப்பாவின் நாற்காலிக்கு அருகில் இருக்கிறது. தபாலில் அனுப்பலாமா என்று கேட்டேன், அப்பா மறுத்துவிட்டார். வரும் ஆனியில், அம்மா இடிக்கும் கோப்பித்தூளுடன், அதை நேரில் கொண்டுசென்று அவர் கையில் கொடுப்போம்.