பதிவேட்டை மக்கள் முன் வையுங்கள்: நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டின் தேசிய ஆணையச் சட்டத்தைப் பற்றித் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இத்தொழில் புரிவோரைப் பதிவு செய்யும் மாநிலக் கவுன்சிலை அமைக்க அச்சட்டம் தந்த ஆறு மாத அவகாசமும், 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் விதித்த இரண்டு மாதக் கெடுவும் தங்கள் கோப்புகளிலேயே இருக்கும். இராமநாதபுரம் கடலோரத்தில், நோயால் முடங்கியவர்களை அன்றாட வேலைகளுக்கு மீண்டும் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்ற முறையில் நான் கேட்பது ஒன்றுதான்: எங்களைப் பதிவு செய்து, அந்தப் பதிவேட்டை மாவட்டவாரியாக மக்கள் பார்க்கும்படி வையுங்கள்.

பாம்பன் பக்கத்திலிருந்து அண்மையில் என்னிடம் வந்த அம்மையார், வலை முடைந்து குடும்பம் நடத்தியவர். பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. ஏதோ ஒரு குறுகிய காலச் சான்றிதழை மாட்டி வைத்துத் தெரபி நிலையம் நடத்தும் ஒருவர், வலுவிழந்த அந்தத் தோளை மேலே கட்டிய கப்பிக் கயிற்றில் நாள்தோறும் இழுக்க வைத்திருக்கிறார். பக்கவாதத் தோளுக்குக் கப்பி ஆகாது என்பது எங்கள் படிப்பில் அரிச்சுவடி. தோள்வலியில் அவருக்கு இரவுத் தூக்கம் போயிற்று. கவனிப்பாரற்ற விரல்கள் மடங்கி இறுகின. வலை ஊசியைப் பிடிக்க ஒரு நாளும் பழக்கவில்லை. கட்டணம் மட்டும் தவறாமல் வாங்கப்பட்டிருக்கிறது. யாரிடம் புகார் கொடுப்பது என்று மகன் கேட்டார். மருத்துவர் மீதென்றால் மருத்துவக் கவுன்சில், சிறப்புக் கல்வி ஆசிரியர் மீதென்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் என்று வழிகாட்டியிருப்பேன். இவர் மீதென்றால் எந்தக் கதவைத் தட்டுவது என்று என்னால் சொல்ல இயலவில்லை.

இட்லிக் கடை போடுகிறவர்கூட உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தாக வேண்டிய நாட்டில், நோயாளியின் தோளைப் பிடித்து இழுக்க ஒரு வெள்ளைக் கோட்டு போதுமானதாக இருக்கிறது. நான்கரை ஆண்டுகள் படித்துப் பட்டம் பெற்ற எங்களுக்கும் அவருக்கும் உள்ள வேறுபாட்டை அந்த மகன் எதை வைத்து அறிவார்? இதே கரையில், ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று மூண்ட தீயில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநலம் குன்றியவர்கள் 28 பேர் மாண்ட பிறகுதான் அங்கிருந்த காப்பகங்களின் உரிமத்தைப் பற்றிப் பேச்சே எழுந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனாலும் விசாரணை நடத்துவதில் நமக்குள்ள சுறுசுறுப்பு பதிவேடு எழுதுவதிலும் சற்று இருக்கலாம்.

சொல் கடுமையாகியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். பெயர், பட்டம், பதிவு எண் ஆகியவற்றுடன் மாவட்டப் பதிவேட்டை வெளியிட்டு, அதன் படியையும் புகார் முகவரியையும் கடலோர ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒட்டுமாறு ஆணையிட வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சரிபார்ப்புக்கு எப்போது அழைத்தாலும் என் சான்றிதழ்களுடன் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்,
இராமநாதபுரம் மாவட்டம்