செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, அண்ணன்மாரே, அக்காமாரே, அனைவருக்கும் வணக்கம்.

பிரான்சில் சங்கங்களுக்கான 1901 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவான சைக்கிள் சங்கம் நம்முடையது. விதிமுறைப்படி ஆண்டுக்கொரு முறை பொதுக்குழுவில் செயலாளர் அறிக்கை வைக்க வேண்டும். அதை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நான் சொல்லப்போவது சாலையில் நடந்ததை மட்டும்.

சென்ற பொதுக்குழுவில் நடந்த வாக்குவாதம் நினைவிருக்கும். முன்னால் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதே இல்லை, பின்னால் வருகிறவர்கள் பேர் தெரியாத நாற்சந்தியில் நின்று போன் அடிக்க வேண்டியிருக்கிறது என்று அக்காமார் கேட்டார்கள். நியாயமான கேள்வி. செயற்குழு கூடி இரண்டு முடிவு எடுத்தது. ஆற்றுப் பள்ளத்தாக்குகளை ஒட்டிய சாலைகளையே இந்த ஆண்டு முதன்மையாக எடுப்பது. வழியில் உள்ள பழைய ஊர்களில் எல்லோரும் கட்டாயம் இறங்கி நிற்பது. அதோடு, சராசரி வேகத்தை வாட்ஸ்அப் குழுவில் யாரும் போடக் கூடாது என்றும் சொன்னோம். இதற்கு இளைஞர்களிடம் எதிர்ப்பு இருந்தது, இன்னும் இருக்கிறது. ஆனாலும் அது சரியான முடிவு என்பதே என் கருத்து. 700 ஆண்டுப் பழமையான பாலத்தைத் தலை நிமிராமல் கடந்துவிட்டு, இரவில் வேகக் கணக்கைப் போட்டுக் கைதட்டு வாங்குவதற்கு, வீட்டுக்குள்ளேயே ஸ்டாண்டில் சைக்கிளை மாட்டி மிதிக்கலாமே.

ஞாயிறு ஓட்டங்கள் வழக்கம்போல் பாரிஸுக்கு வெளியே ஷெவ்ரூஸ் பள்ளத்தாக்கில் நடந்தன. பாரிஸில் லா ஷப்பல் பக்கம் இருப்பவர்களுக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. கார் து நோர் நிலையத்தில் பி தடத்து ரயிலில் சைக்கிளோடு ஏறிச் சென்-ரெமியில் இறங்கினால், அப்படியே கிராமத்துச் சாலைதான். வார நாள்களில் நெரிசல் நேரத்தில் சைக்கிளை ஏற்ற முடியாது; ஞாயிறன்று அந்தத் தொல்லை இல்லை. இவெத் ஆறு அங்கே ஒரு பெரிய ஓடை அளவுதான், ஆனால் அது அறுத்த பள்ளம் ஆழம். ஷெவ்ரூஸ் ஊருக்கு மேலே குன்றில் மத்லேன் கோட்டை, கொஞ்சம் தள்ளித் தம்பியேர் அரண்மனை, அதற்கப்புறம் நம் முழங்காலுக்கெல்லாம் தெரிந்த 'பதினேழு வளைவு' ஏற்றம். இந்தக் கோடையில் பாரிஸ் ஒலிம்பிக்கின் சாலைப் பந்தயமே இந்தப் பள்ளத்தாக்கு வழியாகப் போனதால், நம் தம்பிகளுக்குத் தலைகால் புரியவில்லை. சரி, அது நல்லதுதான். புதிதாகச் சேர்ந்தவர்களில் பலர் அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

வசந்த காலத்தில் சேன் நதியோரம் போனோம். மான்ட்-லா-ஜோலி வரை ரயில், அங்கிருந்து வெத்தெய், லா ரோஷ்-கியோன், ஜிவெர்னி. லா ரோஷ்-கியோனில் சுண்ணாம்புப் பாறைச் சரிவைக் குடைந்தே கட்டிய கோட்டை இருக்கிறது. 1944 இல் ஜெர்மானியத் தளபதி ரோமல் தன் தலைமையகத்தை அங்கே வைத்திருந்தார். ஜிவெர்னியில் ஓவியர் மொனேயின் தோட்டத்துக்கு வெளியே நின்ற வரிசையைப் பார்த்துவிட்டு நாங்கள் எப்ட் ஆற்றுப் பக்கம் திரும்பிவிட்டோம். அங்கே பழைய ரயில் தடத்தைச் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள், காரே கிடையாது. 911 இல் பிரெஞ்சு அரசன் மூன்றாம் சார்லஸ் வைக்கிங் தலைவன் ரொலோவுக்கு நிலம் விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் இந்த ஆற்றங்கரைச் சென்-கிளேரில்தான் நடந்தது. நோர்மண்டி பிறந்தது அப்படித்தான்.

இனி, பலரும் கேட்கக் காத்திருக்கும் மே மாதப் பயணம். பாரிஸின் ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்தில் ரயிலேறித் தென்மேற்குப் பிரான்சின் காவோர். அங்கிருந்து லொத் ஆற்றோரம் மேல்நோக்கிப் போய், பிறகு செலே ஆற்றைப் பிடித்து ஃபிஜாக் வரை. ரயிலில் சைக்கிளுக்கான இடம் மிகக் குறைவு, முன்பதிவும் தேவை. அதனால் குழுவைப் பிரித்து வேறு வேறு ரயில்களில் அனுப்பினோம். அடுத்த முறையும் இப்படித்தான் செய்ய வேண்டியிருக்கும்.

காவோரில் முதல் வேலை வலாந்த்ரே பாலம். 1308 இல் கட்டத் தொடங்கியது, மூன்று கோபுரங்களோடு ஆற்றின் குறுக்கே நிற்கிறது. கட்ட வந்தவன் வேலை முடியாமல் சாத்தானிடம் ஆன்மாவை அடகு வைத்தானாம். சாத்தான் சொன்னதையெல்லாம் செய்து முடிக்கும் நேரத்தில், சுண்ணாம்பு குழைக்கச் சல்லடையில் தண்ணீர் கொண்டுவா என்று கடைசி வேலை கொடுத்துத் தப்பித்தானாம். ஏமாந்த சாத்தான் பழிவாங்க, நடுக்கோபுரத்து மூலைக் கல்லை ஒவ்வோர் இரவும் பிடுங்கிப் போடுவானாம். 1879 இல் பாலத்தைப் பழுதுபார்த்த கட்டடக் கலைஞர் போல் கூ, கல்லைப் பிடுங்க முயலும் ஒரு குட்டிச் சாத்தானையே செதுக்கி அந்த மூலையில் பதித்துவிட்டார். கீழே நின்று கழுத்து வலிக்க அதைத் தேடினோம். முதலில் கண்டுபிடித்தது, எப்போதும் கடைசியில் வரும் நம் புதுச்சேரி அக்கா. வேகக்காரர்கள் கவனிக்கவும்.

ஆற்றோரச் சாலை என்றால் சமமாக இருக்கும் என்று நம்பி வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆறு சமமாகத்தான் ஓடுகிறது. ஊர்கள்தான் மேலே இருக்கின்றன. அந்தக் காலத்தில் பாதுகாப்புக்காகப் பாறை உச்சியில் கட்டினார்கள். அதன் விலையை நம் தொடை கொடுக்கிறது. சென்-சீர்-லாபோப்பி லொத் ஆற்றுக்கு மேல் ஏறத்தாழ 100 மீட்டர் உயரப் பாறையில் தொற்றிக்கொண்டிருக்கிறது. கடைசி வளைவில் பாதிப் பேர் இறங்கித் தள்ளினோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மேலே போனதும் செங்குத்தான ஓட்டுக் கூரைகள், மரச்சட்டம் போட்ட சுவர்கள், சந்து சந்தாக இறங்கும் தெருக்கள். ஒரு காலத்தில் இந்த ஊர் மரக் கடைசல்காரர்களுக்குப் பேர்போனது. ஒயின் பீப்பாய்களுக்கான மரக் குழாய்களைக் கடைந்து விற்றிருக்கிறார்கள். ஆற்றில் படகுகள் காவோர் ஒயினைப் போர்தோ வரை கொண்டுபோன காலம் அது. பூஸியேஸ் பக்கம் அந்தப் படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுப்பதற்காகப் பாறைச் சுவரையே குடைந்து பாதை போட்டிருக்கிறார்கள். தலைக்கு மேலும் பாறை, ஒருபுறமும் பாறை, மறுபுறம் தண்ணீர். அங்கே சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தபோது வழக்கமாக வாய் ஓயாத கூட்டமே பேசாமல் வந்தது.

'பிரான்சின் மிக அழகான கிராமங்கள்' என்ற பலகை சென்-சீரிலும் உண்டு, நாம் முன்பு போன லா ரோஷ்-கியோனிலும் உண்டு. யார் கொடுக்கிறார்கள் என்று பலர் கேட்டீர்கள். அரசு அல்ல. கொலோஞ்-லா-ரூஜ் ஊர் மேயர் ஷார்ல் செய்ராக் 1982 இல் தொடங்கிய ஒரு சங்கம், நம்மைப் போலவே. மக்கள்தொகை 2000 ஐத் தாண்டக் கூடாது, காக்கப்பட்ட சின்னங்களோ இடங்களோ குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்பது விதி. என் சொந்தக் கருத்து: பலகை இல்லாத ஊர்களே நமக்கு நல்லது. பலகை இருந்தால் சுற்றுலாப் பேருந்து வரும், பேருந்து வந்தால் காப்பி விலை ஏறும்.

அதற்குச் செலே பள்ளத்தாக்கே சாட்சி. லொத்தைவிடக் குறுகலானது, அமைதியானது. காப்ரெரேக்கு மேலே பெஷ் மெர்ல் குகை. 1922 இல் உள்ளூர் விடலைப் பையன்கள் கண்டுபிடித்தது. உள்ளே சுவரில் புள்ளி போட்ட இரண்டு குதிரைகள், சுற்றிலும் கைத்தடங்கள். ஏறத்தாழ 29,000 ஆண்டுப் பழமை. ஒரு நாளைக்கு 700 பேருக்கு மேல் விடுவதில்லை, ஆகவே முன்கூட்டியே சீட்டு வாங்கியிருந்தோம். ஏற்றத்தில் வியர்த்து நனைந்த சட்டையோடு 12, 13 டிகிரிக் குளிரில் நுழைந்ததில் பல் கிடுகிடுத்தது. குகைக்குப் போகிறவர்கள் காற்றுச் சட்டையைப் பையில் வைத்துக்கொள்ள மறக்க வேண்டாம். அப்புறம் இடிந்த மடாலயத்தோடு மார்சிய்யாக், மரச்சட்ட மணிக்கூண்டு நிற்கும் எஸ்பான்யாக், முடிவில் ஃபிஜாக். எகிப்தியச் சித்திர எழுத்தைப் படித்துக் காட்டிய ஷம்போலியோன் 1790 இல் பிறந்த ஊர். அவர் வீட்டருகே ஒரு முற்றத்தின் தரை முழுக்க, அந்த எழுத்தைப் படிக்க உதவிய ரொசெட்டாக் கல்லைப் பெரிதாக்கிப் பதித்திருக்கிறார்கள். அந்த எழுத்துகளின் மேல் உட்கார்ந்துதான் கடைசிப் புளியோதரையைப் பிரித்தோம்.

தண்ணீர் விஷயம் தனியே சொல்ல வேண்டும். சின்னக் கிராமங்களில் கடையே இருக்காது, இருந்தாலும் பகல் 12 மணிக்குச் சாத்திவிடுவார்கள். பிரெஞ்சு சைக்கிள்காரர்கள் அப்போது தேடுவது கல்லறைத் தோட்டத்தை. பூச்செடிகளுக்கு ஊற்ற வாசலருகே ஒரு குழாய் இருக்கும், பக்கத்தில் பச்சை நிறப் பூவாளி தொங்கும். "சுடுகாட்டுத் தண்ணியா, எனக்கு வேண்டாம் தம்பி" என்று யாழ்ப்பாணத்து மூத்த அண்ணன் ஒருவர் காலையில் ஒதுங்கி நின்றார். மதியம் மூன்று மணி வெயிலில் அவரே முன்னால் போய்க் கேட்டைத் திறந்தார். குடிக்க உகந்ததல்ல என்ற பலகை தொங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தொப்பியைக் கழற்றிவிட்டு, சத்தம் போடாமல் நிரப்பிக்கொண்டு, கேட்டைச் சாத்திவிட்டு வர வேண்டும்.

சாப்பாடு: பேக்கரிகள் பல ஊர்களில் திங்களன்று மூடியிருக்கும். உணவகத்தில் ஒன்றரை மணிக்கு மேல் போனால் கையை விரிப்பார்கள். வாத்துக்கறி நாடு அது. சைவக்காரர்களுக்கு ரொக்கமதூர் ஆட்டுப் பாலாடைக்கட்டியும் வால்நட்டும் போட்ட சாலட் கைகொடுத்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் 35 கிராம் வட்டம், ஆளுக்கு இரண்டு போதாது.

ஒரு விபத்து நடந்தது. பிரான்சில் கோடை நெருங்கும்போது கிராமச் சாலைகளில் தாரைத் தெளித்து, மேலே பொடிச் சல்லியைக் கொட்டி, போகிற வண்டிகளே அதை அழுத்தட்டும் என்று விட்டுவிடுவார்கள். இறக்கத்தின் வளைவில் அந்தச் சல்லியில் நம் தம்பி ஒருவருக்கு முன்சக்கரம் வழுக்கியது. தோலும் ஜெர்ஸியும் கிழிந்ததோடு போயிற்று, எலும்புக்கு ஒன்றுமில்லை. சல்லி எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் போய்ப் பிரேக்கைப் பிடித்துப் பயனில்லை. முதலுதவிப் பையையும் உதிரி டியூப்களையும் இனிக் கடைசியில் வருபவர் சுமப்பார் என்று முடிவு. முன்னால் போகிறவரிடம் இருந்தால் அது எப்போதுமே மலைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

செலே பள்ளத்தாக்கில் பல இடங்களில் போனில் சிக்னலே இல்லை. அங்கே நம்மைக் காப்பாற்றியது மிஷலின் காகித வரைபடம். ஏற்றத்தைக் காட்டும் அம்புக்குறிகளை எல்லோரும் படிக்கப் பழகுங்கள்: ஒன்று இருந்தால் 5 முதல் 9 சதவீதம், இரண்டு 9 முதல் 13, மூன்று அதற்கும் மேல். மூன்று அம்பைக் கண்டால் வேறு வழி தேடுவது கோழைத்தனம் அல்ல. பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு: 12 வயதுக்கு உட்பட்டோருக்குத் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம். பெரியவர்களுக்குச் சட்டம் கேட்காவிட்டாலும் சங்கம் கேட்கிறது.

வேகக்காரர்களை நாம் கைவிட்டுவிடவில்லை. பாரிஸ்–பிரெஸ்த்–பாரிஸ் என்ற நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டம் அடுத்து 2027 இல் வருகிறது: 1200 கிலோமீட்டர், அதிகபட்சம் 90 மணி நேரம். அதற்குத் தகுதி பெற அந்த ஆண்டில் 200, 300, 400, 600 கிலோமீட்டர் ஓட்டங்களை முடிக்க வேண்டும். ஆர்வமுள்ள தம்பி தங்கையருக்குச் சனிக்கிழமை தனிக்குழு அமைக்கலாம் என்பது செயற்குழுவின் யோசனை. அந்தக் குழுவில் சராசரி வேகத்தைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளட்டும்.

2025 இல் லுவார் நதி. புளுவாவிலிருந்து சோமூர் வரை என்று உத்தேசம். வழி நெடுக அடையாளப் பலகை உள்ள சைக்கிள் பாதை, பெரிய ஏற்றமில்லை. வியேன் ஆறு வந்து கலக்கும் கான்த்-சென்-மார்தானில் ஓர் இரவு தங்க நினைக்கிறோம். வெண்ணிறச் சுண்ணாம்புக் கல் வீடுகள் உள்ள ஊர், புனித மார்ட்டின் 397 இல் இறந்த இடம். இதற்கு முன்பணம் ஜனவரி இறுதிக்குள் பொருளாளரிடம் வந்து சேர வேண்டும். 'பார்க்கலாம்' என்று சொல்கிறவர்களுக்கு ரயிலில் இடம் பிடிக்க முடியாது.

செயற்குழுவில் காலியாகும் இடங்களுக்குப் பெயர் கொடுப்பவர்கள் தேநீர் இடைவேளைக்குள் என்னிடம் தரலாம். பாதை அமைக்கும் பொறுப்புக்கு ஓர் அக்கா வந்தால் நல்லது என்று பலர் சொன்னார்கள். நானும் அதையே கேட்டுக்கொள்கிறேன். இத்துடன் இவ்வறிக்கையை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்