உன் தோளுக்கு ஏற்ற திரை

மண்டபம்,
ஆவணி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கைக்கு வந்து பத்து நாட்களாகின்றன. பதிப்பக வேலைகளுக்காக, திரையின் மேலேயே பேனாவால் வரையும் பென் டிஸ்ப்ளே ஒன்று வாங்கப் போவதாகவும், ஐந்து ஆண்டுகளாக அதில்தான் நான் மீன் வரைந்து பிழைக்கிறேன் என்பதால் எதை வாங்கலாம் என்று ஒரே வரியில் சொல்லிவிட வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். அவ்வாறே சொல்லிக் கடிதத்தை முடித்தும் விட்டேன். மறுநாள் காலையில் படித்துப் பார்த்தபோது, என் மேசையில் இருக்கும் அதே 16 அங்குலத் திரையைத்தான் உனக்கும் பரிந்துரைத்திருக்கிறேன் என்பதும், அதற்கு நான் அடுக்கியிருந்த காரணங்கள் எல்லாம் என் கைக்கும் என் வேலைக்கும் மட்டுமே உரியவை என்பதும் தெரிந்து, கிழித்துப் போட்டேன். இது இரண்டாவது கடிதம்.

கும்பகோணத்தில் படித்த காலத்தில், இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்துச் சுவரோவியங்களைப் பார்த்து வரைய நாம் இருவரும் வந்தது நினைவிருக்கிறதா? நான் ஒரு தூணோரம் சம்மணமிட்டு அமர்ந்து, மடியில் பலகையை வைத்துக்கொண்டு, சேதுபதியின் தலைப்பாகை மடிப்புகளை ஒவ்வொன்றாக எண்ணி வரைந்துகொண்டிருந்தேன். நீயோ நின்றபடியே, முழுத்தாளில், யானையின் முதுகு வளைவை ஒரே இழுப்பில் இழுத்து முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். பிறகு பரமக்குடியில் சாரத்தின் மேல் நின்று பேனர் எழுதிய ஆண்டுகளில் உன் கை இன்னும் பெரிதாகத்தான் ஆயிற்று. என் கோடு மணிக்கட்டிலிருந்து வருகிறது. உன் கோடு தோளிலிருந்து வருகிறது. திரை வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பது முதல் கடிதத்தை எழுதும்போது எனக்குத் தோன்றாமல் போனது வியப்பாக இருக்கிறது.

அளவைச் சொல்கிறேன், ஒரு ஸ்கேலை எடுத்து உன் மேசையிலேயே அளந்து பார்த்துக்கொள். 15.6 அங்குலத் திரையில் வரையும் பரப்பு ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் அகலமும் 19 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. படுக்கவைத்த ஏ4 தாளைவிடக் கொஞ்சம் அகலம், ஆனால் உயரத்தில் குறைவு. 24 அங்குலத்தில் அது 53க்கு 30 ஆகிவிடும். படுக்கவைத்த ஏ3 தாளின் உயரமும், அதைவிட அரைச் சாண் அளவுக்குக் கூடுதல் அகலமும் கிடைக்கும். ஒரு விளமீனின் உடலின் பக்கவாட்டில் ஓடும் பக்கக்கோட்டுச் செதில்கள் எத்தனை என்று எண்ணிக்கை தவறாமல் வரைந்து கொடுக்க வேண்டிய எனக்குச் சிறிய திரை போதும், ஏனென்றால் நான் எப்படியும் அந்த இடத்தைப் பெரிதாக்கிக்கொண்டுதான் வரைகிறேன். பெரிதாக்கும் வசதி இருக்கும்போது எந்தத் திரையானால் என்ன என்று சிலர் கேட்பார்கள். நீண்ட வளைவைப் பெரிதாக்கினால் அதன் முனை திரைக்கு வெளியே போய்விடும். சிறிதாக்கினால் தோளால் இழுக்க வேண்டிய கோட்டை விரலால் இழுக்க நேரும். விரலால் இழுத்த யானை எப்படி இருக்கும் என்பது உனக்குத் தெரியும், என் யானையைப் பார்த்திருக்கிறாய்.

ஆகவே உனக்கு 24 அங்குலம். ஆனால் அந்த அளவில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரை 15.6 அங்குலத்தில் அங்குலத்துக்கு 141 புள்ளிகளைத் தருகிறது. அதே புள்ளிகளை 24 அங்குலத்தில் விரித்தால் அங்குலத்துக்கு 92தான் தேறும். கண்ணுக்கு ஒன்றரை அடி தொலைவில் குனிந்து வரையும்போது சாய்கோடுகளின் விளிம்பு படிக்கட்டாகத் தெரியும். விலை மலிவான பெரிய திரைகள் பெரும்பாலும் இப்படித்தான் மலிவாகின்றன. 2560க்கு 1440 இருந்தால் 122 ஆகும், வேலைக்குத் தாங்கும். 4கே, அதாவது 3840க்கு 2160 என்றால் 184, நிறைவாக இருக்கும். பெரிய திரைக்கு உறுதியான ஸ்டாண்டும் வேண்டும் என்பதை இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள். உன் கழுத்து எலும்புத் தேய்மானத்துக்கு அதைத் தட்டையாக மேசையில் போட்டுக் குனிந்து வரைவது கூடவே கூடாது.

கையின் அழுத்தத்தைப் பேனா எத்தனை படிகளாகப் பிரித்து உணரும் என்று பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் அழுத்த நிலைகளைப் பார்த்து மயங்காதே. 8192 என்று ஒரு காலம் போட்டார்கள், இப்போது 16384 என்று போடுகிறார்கள். நம் கை அத்தனை நிலைகளைப் பிரித்தறியுமா என்பதை விட்டுவிடு. கோடு எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதுதான் ஓவியனுக்கு முக்கியம். தூரிகை நுனி தாளைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்போது விழும் மயிரிழைக் கோடு இருக்கிறதே, அதைப் பேனா உணர வேண்டும். சில பேனாக்கள் ஓரளவு அழுத்திய பிறகே விழித்துக்கொள்ளும். கோடு மெலிந்து எழாமல் திடீரென்று முளைக்கும். ஏறத்தாழ 3 கிராம் அழுத்தத்திலேயே தொடங்குவதாக இப்போது நல்ல பேனாக்களுக்குச் சொல்கிறார்கள். சொல்வதை நம்பாமல் கையில் வாங்கிப் பார். பேனாவின் எடையை மட்டும் திரையில் விட்டு, இழுக்காமல் வழியவிடு. கோடு விழுந்தால் அது உனக்கான பேனா. அடுத்து, ஒரு ஸ்கேலைத் திரையின் மேல் சாய்வாக வைத்து மிக மெதுவாக ஒரு கோடு இழு. வேகமாக இழுத்தால் எல்லாப் பேனாவும் நேராகத்தான் இழுக்கும். மெதுவாக இழுக்கும்போதுதான் சில திரைகளில் கோடு அலையலையாக நெளியும். நான்கு மூலைகளிலும் இதைச் செய், ஏனென்றால் நடுவில் ஒழுங்காக இருப்பது ஓரத்தில் தடம் மாறுவது உண்டு. பேனாவைச் சாய்த்து, கரிக்கோலின் பக்கவாட்டால் தேய்ப்பதுபோலத் தேய்த்தும் பார்.

இந்தப் பேனாவுக்குள் பேட்டரி இல்லை என்று சொன்னால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நம்புவதில்லை. திரைக்குப் பின்னால் இருக்கும் பலகை ஒரு மின்காந்தப் புலத்தை எழுப்புகிறது. பேனாவில் உள்ள சிறு கம்பிச்சுருள் அதற்கு ஒத்ததிர்ந்து, தான் எங்கே இருக்கிறேன், எவ்வளவு அழுத்தப்படுகிறேன் என்பதைத் திருப்பிச் சொல்கிறது. 1983ல் தொடங்கிய ஜப்பானிய நிறுவனமான வாகம் இந்த முறையை வளர்த்துப் புகழ்பெற்றது. (மதுரையில் ஒரு கடைக்காரர் அதை 'வேகம்' என்றே சொன்னார், நானும் திருத்தவில்லை.) அதன் சின்டிக் வரிசைதான் நெடுங்காலம் இத்தொழிலில் அளவுகோலாக இருந்தது. இப்போது சீனத்துச் சென்சென் நகரத்தின் ஹூயான், எக்ஸ்பி-பென் போன்றவையும் பேட்டரியில்லாத பேனாவோடு நல்ல திரைகளைக் குறைந்த விலைக்குத் தருகின்றன. எந்தப் பெயரானாலும் கண்ணாடியும் திரையும் இடைவெளியின்றி ஒட்டப்பட்டிருக்கிறதா என்று கேள். ஒட்டாதவற்றில் பேனா முனை ஓரிடத்திலும் கோடு இன்னோரிடத்திலும் விழும். பள்ளியில் அளவியல் பாடத்தில் இடமாறு தோற்றப் பிழை என்று படித்தோமே, அதேதான்.

நிறத்தைப் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை, ஆனாலும் எனக்கு அதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது. கிளிமீனை வலையிலிருந்து எடுத்த நொடியில் பார்த்திருக்கிறாயா? பச்சையும் நீலமும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து கிடக்கும். கரைக்கு வந்து ஏலக்கூடையில் விழுவதற்குள் அது மங்கிவிடும். நான் படகிலேயே போய்ப் பார்த்து, நிறத்தை மனதில் பிடித்துக்கொண்டு வந்து வரைகிறேன். சாதாரணத் திரைகள் எஸ்ஆர்ஜிபி எனும் வரம்புக்குள் நிறம் காட்டுகின்றன. அந்த வரம்பு சிவப்பு, மஞ்சள் பக்கம் ஓரளவு தாராளமாக இருந்தாலும், பச்சைக்கும் நீலத்துக்கும் இடைப்பட்ட அந்தப் பகுதியில் மிகவும் குறுகியது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிய ஆழமில்லாத நீரின் நிறம் சரியாக அந்தக் குறுகிய இடத்தில்தான் விழுகிறது. அச்சு மையின் சயான் நிறத்திலும் ஒரு பகுதி அந்த வரம்புக்கு வெளியேதான் இருக்கிறது. அடோபி ஆர்ஜிபி என்ற இன்னொரு நிற வரம்பை 1998ல் வகுத்தபோது அச்சு நிறங்களையும் உள்ளடக்க வேண்டும் என்று அந்தப் பக்கத்தைத்தான் விரித்தார்கள். உன் படங்கள் சிவகாசிக்கு அச்சுக்குப் போகின்றன என்பதால் அடோபி ஆர்ஜிபியின் பெரும்பகுதியைக் காட்டும் திரை உனக்குப் பயன்படும். ஆனால் நாள் முழுவதும் கோட்டோவியம்தான் என்றால் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதே. அதை நல்ல நாற்காலிக்குச் செலவிடு.

கடற்கரையில் இந்தக் கருவியை வைத்துப் பராமரிப்பது ஒரு தனி வித்தை. மதுரையில் உனக்கு உப்புக்காற்றின் தொல்லை இல்லை என்றாலும் நான் பட்டதைக் கேட்டுவை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் சன்னலைச் சாத்தினாலும் மணல் துகள் எப்படியோ மேசைக்கு வந்துவிடுகிறது. மணல் கண்ணாடியைவிடக் கடினமானது. உள்ளங்கைக்கு அடியில் ஒரு துகள் சிக்கினால் போதும், மறுநாள் திரையில் ஒரு கீறல் நிரந்தரமாகக் குடியிருக்கும். வரைய அமரும் முன் ஈரத்துணியால் ஒரு முறையும் உலர்துணியால் ஒரு முறையும் துடைப்பது எனக்கு இப்போது வாசல் தெளிப்பதுபோல் பழகிவிட்டது. உள்ளே மின்விசிறி உள்ள திரைகளை இங்கே தவிர்க்கிறேன், அது உப்பையும் தூசியையும் உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். என் முதல் திரை பழுதானது திரையால்கூட இல்லை. கணினி, மின்சாரம், படம் மூன்றையும் ஒன்றாக இணைக்கும் அந்த ஒரே கேபிளின் முனையில் பச்சை பூத்துவிட்டது. விற்றவர்கள் மாற்றுக் கேபிள் அனுப்ப இரண்டு மாதம் எடுத்துக்கொண்டார்கள். அந்த இரண்டு மாதமும் காகிதத்தில் வரைந்து ஸ்கேன் செய்து அனுப்பினேன். ஆகையால் வாங்கும் நாளிலேயே இன்னொரு கேபிளும் பேனா முனையில் செருகும் நிப் ஒரு பொட்டலமும் சேர்த்து வாங்கு. சொரசொரப்பான கண்ணாடியில் நிப் தேய்ந்துகொண்டே வரும். நுனி சாய்வாகிக் கூர்விளிம்பு விட்டால் உடனே மாற்றிவிடு, இல்லையென்றால் அதுவே கண்ணாடியைக் கீறும்.

இன்னொரு சங்கதி எந்த ஊருக்கும் பொருந்தும். சென்ற ஆண்டு சில நாட்கள் என் கோடுகள் நடுங்கத் தொடங்கின. வயதாகிவிட்டது என்று நான் என் கையைச் சந்தேகித்தேன், உண்மையாகவே மருத்துவரிடம் போகலாமா என்றுகூட யோசித்தேன். திரையின் உலோக விளிம்பில் கை பட்டபோது ஒரு சின்ன 'சுரீர்' தெரிந்த பிறகுதான் வீட்டின் எர்த் சரியில்லை என்பது விளங்கியது. எலெக்ட்ரீஷியன் வந்து புதுக் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கிய அன்றே நடுக்கம் நின்றது. காந்த மூடி போட்ட செல்பேசியைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தாலும் அந்த இடத்தில் பேனா தடுமாறும். கையைக் குறை சொல்வதற்கு முன் இவற்றைப் பார்த்துவிடு.

ஐபேட் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். மின்தடையில் அதுதான் நிம்மதி, கணினியும் வேண்டாம். ஆனால் உன் தோளுக்கு அது சிலேட்டுப் பலகை. மென்பொருளைப் பொறுத்தவரை கிரிட்டாவிலேயே தொடங்கு. இலவசம், பேனாவின் அழுத்தத்தை உன் கைக்கு ஏற்ற வளைகோடாக மாற்றிக்கொள்ளவும் அதில் இடம் உண்டு. கனமான கை உனக்கு. வளைகோட்டின் தொடக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்துக்கொண்டால் எல்லாக் கோடும் தடித்துப் போகாது.

கடைசியாக உன் லேப்டாப். அதன் யூஎஸ்பி-சி துளை எல்லாவற்றிலும் படம் வெளியே வராது, பல லேப்டாப்களில் அது சார்ஜுக்கும் கோப்புக்கும் மட்டும்தான். எச்டிஎம்ஐ துளை இருந்தாலும், பழையதாக இருந்தால் 4கே படத்தைத் தேவையான வேகத்தில் அனுப்பாமல் போகலாம். அப்போது பேனா முன்னே போகும், கோடு பின்னே வரும். இதைக் கடையில் பேசித் தீர்க்க முடியாது, செருகிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆதலால் பணம் கட்டும் முன் ஒரு முறை இங்கே வா. இராமேசுவரம் ரயிலில் மண்டபத்தில் இறங்கினால் வீடு நடக்கும் தூரம்தான். தங்கையையும் அழைத்து வா, அவள் கடலைப் பார்த்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருக்கும். என் 16 அங்குலத்தில் அரை நாள் வரைந்து பார், நான் சொன்னது பொய்யா என்று தெரிந்துவிடும். உச்சிப்புளியில் ஒரு தம்பி 24 அங்குல 4கே திரையில் சித்திரக்கதை வரைகிறான், அவனிடமும் பேசிவைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அவன் திரை சும்மா இருக்குமாம். லேப்டாப்பையும் அதன் சார்ஜரையும் மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
உன் பழைய தோழன்