செம்பனை லாரி அண்ணனுக்கு

போன சனிக்கிழமை சாயங்காலம், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துச் சாலையோரம் மைவி காரை நிறுத்திவிட்டு முழித்துக்கொண்டிருந்தவன் நான்தான் அண்ணே.

வேறு எக்ஸாஸ்ட், அதாவது புகைக்குழாய், மாட்டி இரண்டு வாரம். சத்தம் பிரமாதம், எஞ்சின் எச்சரிக்கை விளக்குதான் அணையவில்லை. மாட்டிய பட்டறையில் மூன்று முறை கோளாறுக் குறியீட்டை அழித்துக் கொடுத்தார்கள், மூன்று முறையும் திரும்ப எரிந்தது. "எக்ஸாஸ்ட் மாத்தினா அப்படித்தான்" என்றார்கள். நானும் நம்பினேன், என்னைச் சொல்லணும்.

குலை ஏற்றிய லாரியை ஓரங்கட்டி நீங்களாகவே இறங்கி வந்தீர்கள். என் ஸ்கேனரில் பி0141 என்ற குறியீட்டைப் பார்த்ததும், "பின்னாடி ஆக்சிஜன் சென்சாரோட ஹீட்டர் லைன் தம்பி, முதல்ல வயரைப் பார்ப்போம்" என்று சாக்கை விரித்துக் காருக்கடியில் படுத்துவிட்டீர்கள். புதுக் குழாயில் உரசி வயரின் தோல் உருகிக் கிடந்தது. குழாய் ஆறும்வரை காத்திருந்து, கெட்ட இடத்தை வெட்டி இணைத்து, சூடு தாங்கும் உறை போட்டு, குழாயில் படாதபடி மேலே தூக்கிக் கட்டினீர்கள். அப்புறம் அழித்த விளக்கு இன்றுவரை எரியவில்லை.

ஐம்பது வெள்ளி நீட்டினேன். "ஆலைக் கேட்டை மூடிடுவாங்கப்பா" என்று ஓடிவிட்டீர்கள். பெயர்கூடக் கேட்கவில்லை. ரொம்ப நன்றி அண்ணே. உங்கள் பிளையர் என் காரில்தான் இருக்கிறது.