கால்டுவெல் ஐயரும் நம்ம ஊரும்

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கு அப்பாவும் நானும் சுகம். அங்கு நீயும் மருமகனும் பிள்ளையும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் சொந்த ஊரைப் பற்றி எழுதச் சொன்னார்களாம், இடையன்குடியை உண்டாக்கியது யார் என்று கேட்கிறாள் என்று போனில் சொன்னாய். பாதிரியார் கால்டுவெல் ஐயர் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. நீ முதலில் வாசி, அப்புறம் அவளுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்.

அவர் வந்தபோது இது ஆளில்லாத காடு இல்லை, மக்கா. பனையும் தேரிச் செம்மணலும் ஓலைக் குடிசைகளுமாக ஊர் இருந்தது. சின்னதாக ஒரு சபையும் இருந்தது. திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்து வேதம் பரவியது வெள்ளைக்காரர்களால் மட்டும் இல்லை. 1799ல் முதலூர் என்கிற கிறிஸ்தவக் குடியிருப்பு ஏற்பட்டதற்கு முன்நின்றவர் சாத்தான்குளம் பக்கத்துக்காரரான உபதேசியார் தாவீது சுந்தரானந்தம். புது விசுவாசத்துக்காக அடியும் உதையும் பட்ட சனங்கள் ஒதுங்க ஓர் இடம் வேண்டுமென்று எழும்பிய ஊர் அது. அதற்கு 40 வருஷத்துக்கு மேல் கழித்து, 1841 கடைசியில்தான் கால்டுவெல் இடையன்குடிக்கு வந்தார். இந்த வரிசையைப் பேத்தி சரியாக எழுத வேண்டும். முன்னால் நடந்தவர்களை விட்டுவிட்டு அவர் ஒருவரிலிருந்து கதையைத் தொடங்கினால் நம் சனங்கள் கையேந்தி நின்றவர்களாக மட்டும் தெரிவார்கள்.

சரி, அவர் யார்? ராபர்ட் கால்டுவெல், 1814 மே 7ஆம் தேதி அயர்லாந்தில் பிறந்தவர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்தார். 1838 ஜனவரியில் லண்டன் மிஷனரி சங்கத்து ஊழியராகச் சென்னையில் கப்பலிறங்கினார். மூன்று வருஷத்துக்கு மேல் சென்னையில் இருந்து தமிழ் படித்தார். திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்த துரு ஐயர் அங்கே அவருக்குத் துணையாக இருந்தார். பிறகு சங்கம் மாறி, எஸ்.பி.ஜி. என்கிற நற்செய்திச் சங்கத்தில் சேர்ந்து, சென்னையிலிருந்து தெற்கே நடந்தே புறப்பட்டார். கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி வழியாக நீலகிரி ஏறி, உதகமண்டலத்தில் குருப்பட்டம் பெற்று, மதுரை வழியாக நம் பக்கம் வந்து சேர்ந்தார். அந்தக் காலத்துத் துரைமார் பல்லக்கில் போவார்கள். இவர் நடந்தது சனங்களையும் அவர்கள் பேச்சையும் தெரிந்துகொள்ள. எனக்கு அவர்மேல் மதிப்பு தொடங்குகிற இடம் அதுதான். வரும்போது வயது 27.

வந்தவர் ஊரின் கிடப்பை மாற்றினார். நிலத்தை விலைக்கு வாங்கி, நூல் பிடித்த மாதிரி தெருக்களை நேராக வகுத்து, கிணறு வெட்டி, மரம் நட்டு, பள்ளிக்கூடம் வைத்தார். நீ சின்னப் பிள்ளையாகச் சைக்கிள் பழகிய தெருக்கள் அந்தக் கணக்கில் போட்டவைதான். இந்த மணலில் கிணறு எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியும். கோடையில் குடிதண்ணீருக்கு அலைந்த வீடுகளில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாது. அதனால் கிணற்றையும் பள்ளிக்கூடத்தையும் நான் பிரித்துப் பார்ப்பதில்லை.

பெண்பிள்ளைகள் என்றதும் எலைசா அம்மாளைச் சொல்ல வேண்டும். நாகர்கோவில் மால்ட் ஐயரின் மகள். 1844ல் கால்டுவெல்லை மணந்து இங்கே வந்தார்கள். அந்த அம்மாள் நம் பக்கத்திலேயே வளர்ந்தவர்கள், தமிழ் அவர்களுக்குப் படித்து வந்ததில்லை, காதில் விழுந்து வந்தது. பெண்பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்ததும், ரேந்தை என்கிற லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்ததும் அவர்கள்தான். மால்ட் அம்மாள் நாகர்கோவிலில் தொடங்கிய அந்த வேலை மகள் வழியாக இடையன்குடிக்கு வந்தது. என் ஆச்சியின் கண் மங்குகிறவரைக்கும் ரேந்தைதான். பனைக்காலம் முடிந்து வீட்டில் காசில்லாத மாதங்களில், ஒரு பெண் தன் விரலால் சம்பாதித்த காசு அடுப்பை எரியவைத்தது. அது தன் கையில் வந்ததால் ஆச்சி பேசுகிற பேச்சுக்கு வீட்டில் மதிப்பு இருந்தது. ஐயருக்குச் சிலை இருக்கிறது, இந்த அம்மாளுக்கு இல்லை. பேத்தி எழுதும்போது இந்தப் பெயரை விடக்கூடாது.

தேவாலயமான நம் கோவிலைப் பற்றி உனக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது கட்டி முடிய 33 வருஷம் ஆனது என்பதை அவளுக்குச் சொல். 1847ல் தொடங்கி 1880ல் பிரதிஷ்டை. கூர்மாட வளைவுகளும் அந்தச் சன்னல்களும் இந்தப் பனங்காட்டில் எழும்ப அவ்வளவு காலம் பிடித்தது. அந்தக் கல்லைச் சுமந்தவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள், பனையேறிக் கிடைத்த காசில் காணிக்கை போட்டவர்கள் பெயர் ஒன்றும் கல்வெட்டில் இல்லை.

பனையேறுவது என்ன வேலை என்று பேத்திக்குத் தெரியாது. நீதான் சொல்ல வேண்டும். காலில் திளாப்பு என்கிற நார் வளையம் மாட்டி, இடுப்பில் பாளை அரிவாளைச் சொருகி, காலையும் மாலையும் அத்தனை மரமும் ஏறி இறங்க வேண்டும். கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் பதனீர் இறக்கி, அதை விடிலி என்கிற காய்ச்சுகிற குடிசையில் பெண்கள் காய்ச்சிக் கருப்பட்டியாக்க வேண்டும். உன் தாத்தாவின் நெஞ்சில் காய்த்துப்போயிருந்த தழும்பை நீ தொட்டுப் பார்த்திருக்கிறாய்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இனி எழுதப்போவது எனக்கு இன்னும் வலிக்கிற விஷயம். கால்டுவெல் ஐயர் 1849ல் நம் நாடார் சமுதாயத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். பனையேறும் சனங்களைப் புத்தி மந்தமானவர்கள் என்றும், நாகரிகத்தில் பின்தங்கியவர்கள் என்றும், இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்றும் அதில் இருக்கிறது. இங்கிலாந்தில் இருந்தவர்கள் மிஷன் ஊழியத்தின்மேல் அக்கறை கொள்ள வேண்டும் என்று எழுதினார். அந்த நோக்கம் எனக்கு விளங்குகிறது. ஆனால் தன்னோடு உட்கார்ந்து கஞ்சி குடித்த சனத்தை அப்படி எழுதலாமா? அவர் வைத்த பள்ளிக்கூடங்களில் படித்து ஆங்கிலம் தெரிந்துகொண்ட நம் ஆட்களே பின்னால் அந்த நூலை வாசித்தார்கள், கொதித்தார்கள். நாசரேத் பக்கத்தில் மிஷனரிமாரோடு முரண்பட்டு 1857ல் தனிச்சபையே கண்ட சட்டாம்பிள்ளையும் மறுத்து எழுதியவர்களில் ஒருவர். 1880களில் துண்டு நூல்களும் மனுக்களும் குவிந்தன. கடைசியில் அந்த நூல் புழக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது.

நீ கல்லூரியில் படித்த காலத்தில் இதைக் கேள்விப்பட்டு, இந்த மனுஷனுக்கா நாம் பண்டிகை கொண்டாடுகிறோம் என்று என்னிடம் கோபப்பட்டாய். அந்தக் கோபம் நியாயமானது என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். அதைப் பேத்தியிடம் மறைக்காதே. வயதுக்கு ஏற்ற மாதிரி சொல். ஒருவர் நமக்குக் கிணறு வெட்டினார் என்பதற்காக அவர் சொன்ன அவச்சொல்லை நாம் விழுங்க வேண்டியதில்லை. அவச்சொல் சொன்னார் என்பதற்காகக் கிணற்றைத் தூர்க்கவும் வேண்டியதில்லை. இரண்டும் ஒரே ஆளின் கையிலிருந்து வந்தவை.

அதே ஆள், அதே வீட்டில், அதே காலத்தில் செய்த இன்னொரு வேலை தமிழ்நாட்டையே நிமிர வைத்தது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம், 1856ல் லண்டனில் வந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை இல்லை, தனிக் குடும்பம் என்று சென்னையில் கலெக்டராயிருந்த எல்லிஸ் துரை 1816லேயே சொல்லியிருந்தார். கால்டுவெல் அதைச் சொல்லோடு விடாமல், மூவிடப் பெயர், எண்ணுப்பெயர், வேற்றுமை உருபு, வினை என்று ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிட்டு நிலைநாட்டினார். 1875ல் வந்த இரண்டாம் பதிப்பை இன்னும் விரிவாக்கினார். துளு, குடகு மட்டுமில்லை, தோடர், கோத்தர், கோண்டர் பேச்சுகளும் அவர் ஒப்பீட்டில் உண்டு. புத்தகசாலை இல்லாத ஊர், கடிதம் போய்வர மாதக்கணக்கு, இதில் ஊழியமும் உண்டு. நான் வகுப்பில் தமிழ் இலக்கணம் நடத்திய வருஷமெல்லாம், பிள்ளைகளிடம் இந்தப் புத்தகம் நம் தெருவில் உருவானது என்று சொல்லாமல் விட்டதே இல்லை. சொல்லும்போது இப்போதும் எனக்குக் குரல் மாறிவிடும்.

பழைய துறைமுகங்களான கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்து எழுதினார். திருநெல்வேலிச் சரித்திரத்தை 1881ல் வெளியிட்டார். தமிழ் வேதாகமத்தைத் திருத்திய பவர் ஐயரின் குழுவிலும் இருந்தார். நாம் கோவிலில் வாசிக்கிற பழைய தமிழில் அவர் கையும் உண்டா என்று பேத்தி கேட்டால், அந்தத் திருத்தத்தில் உண்டு என்று சொல்.

1877 மார்ச்சில் கல்கத்தாவில் அவருக்கு அத்தியட்சர், அதாவது பிஷப், பட்டம் கிடைத்தது. அது தாது வருஷப் பஞ்சத்தின் நேரம். பட்டம் வாங்கியவர் சோறு போடுகிற வேலைக்குத்தான் வந்தார். 1883ல் தூத்துக்குடிக்குக் குடிபோனார். 1891 ஆகஸ்ட் 28ஆம் தேதி கொடைக்கானலில் இறந்தார். உடலை மலையிறக்கி, அத்தனை தூரம் கொண்டுவந்து, நம் கோவிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். அயர்லாந்தில் பிறந்தவருக்கு மண் இங்கேதான். 1968ல் மெரினாவில் சிலை வைத்தார்கள், 2010ல் தபால்தலை வெளியிட்டார்கள், 2011ல் அவர் வாழ்ந்த வீட்டை அரசு நினைவு இல்லமாக்கியது. நீ வெளியூர் போன பிறகு நடந்தது, வரும்போது பேத்தியைக் கூட்டிப்போய்க் காட்டு.

அப்படியானால் ஊரை உண்டாக்கியது யார்? அவர் தெருவைப் போட்டார், நம் ஆட்கள் குடியிருந்தார்கள். அவர் பள்ளிக்கூடம் வைத்தார், பதனீர்க் காலத்தில் வேலைக்கு ஆள் குறைந்தாலும் பரவாயில்லை என்று பிள்ளையை அனுப்பினது நம் ஆத்தாமார்கள். பேத்தி அவர் பெயரை எழுதட்டும், தாராளமாக எழுதட்டும். பக்கத்திலேயே பனையேறிகளையும் ரேந்தை பின்னிய பெண்களையும் எழுதட்டும்.

இன்னொன்று. கோவிலில் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் இருக்கின்றன. ஆச்சியின் ஆச்சி பெயர் அதில் இருக்க வேண்டும் என்று அப்பா ரொம்ப நாளாகச் சொல்கிறார். சபையார் கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்கு நீங்கள் வரும்போது, எடுத்துப் பார்க்கச் சேகரத்து ஐயரிடம் முன்கூட்டியே கேட்டு வைக்கிறேன். பேத்தியே தேடிப் பார்க்கட்டும். பழைய எழுத்து வாசிக்கக் கஷ்டம், நான் பக்கத்தில் இருந்து சொல்லித்தருகிறேன். டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல்.

அன்புடன்,
அம்மா